கழற்ற வருகிறவர்

என் அக்கா வரைந்து எழுப்பிய கட்டடங்களில் ஒன்றே ஒன்றைத் தவிர மற்ற எதுவும் இன்று அதனதன் இடத்தில் இல்லை. அந்த ஒன்றும் போய்த் தொலைய வேண்டும் என்றுதான் அவள் மூன்று வருஷம் ஆசைப்பட்டாள். தன் கையால் கட்டியதைப் பற்றி யாரும் அப்படி ஆசைப்பட மாட்டார்கள். அவள் ஆசைப்பட்டதற்குக் காரணம் ஒரு மனிதர். அவரை நான் ஒரே ஒரு தடவைதான் நேரில் பார்த்திருக்கிறேன், அதுவும் முதுகை.

அவள் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கேயோ ஓர் அருவி, ஒரு பழைய கோட்டை, ஒரு கலங்கரை விளக்கம். பார்க்க ஜனம் குவிகிறது. வருகிறவர்களுக்கு டிக்கெட் வாங்க இடம் வேண்டும், மழைக்கு ஒதுங்க வேண்டும், கழிப்பறை வேண்டும், ஒரு டீ குடித்துவிட்டுக் காலை நீட்டி உட்கார வேண்டும். நிரந்தரமாகக் கட்ட அனுமதி வருவதற்குள் பிறந்த குழந்தை பள்ளிக்கூடம் போய்விடும். அதுவரைக்கும் சமாளிக்கத்தான் அக்காவின் பெட்டிகள். அறை அறையாகத் தொழிற்சாலையிலேயே செய்து, கண்ணாடி, விளக்கு, குழாய் எல்லாம் பொருத்தி லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அங்கே கிரேன் ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்கும். பக்கத்துப் பெட்டியோடு சேர்த்து போல்ட் போட்டு முடுக்கினால் கட்டடம் தயார். காலம் முடிந்ததும் போல்ட்டைக் கழற்றி மறுபடியும் லாரியில் ஏற்றிவிடுவார்கள். அடுத்த மழைக்கு அந்த இடத்தில் புல் முளைத்திருக்கும். எங்கள் சித்தி ஒருமுறை இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நீ கட்டறது கட்டடமா, பொட்டலமா?" என்றாள். அக்கா ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

நானும் அக்காவும் ஒரே வீட்டில் இருக்கிறோம். இரண்டாவது மாடி, இரண்டு அறை, துணி காயப்போட மட்டுமே லாயக்கான ஒரு பால்கனி. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். எனக்குக் கல்யாணம் ஆனது. ஒன்றரை வருஷம் நின்றது. அக்கா கட்டியதிலேயே சின்னது, ஓர் ஏரிக்கரையில் வைத்த டிக்கெட் கொட்டகை, அதுவே மூன்று வருஷம் நின்றது. இதை நான்தான் சொல்லிச் சிரிப்பேன். வேறு யாராவது சொன்னால் கடித்துக் குதறிவிடுவேன். அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பேச்சு வந்தபோதெல்லாம் ஏதோ ஓர் ஊரில் பெட்டி இறங்கிக்கொண்டிருக்கும். அப்புறம் பேச்சு வருவதும் நின்றுவிட்டது. அவளைக் கேட்டால் நல்லதாகப் போயிற்று என்பாள். சுத்தக் கல்லுளிமங்கி. மனசில் இருப்பதை ஒரு வார்த்தை வெளியே விட மாட்டாள். காகிதத்தைக் கொடுத்தால் மட்டும் மணிக்கணக்காக வரைவாள்.

வரையும்போது அவள் முதலில் யோசிப்பது கட்டடத்தின் கடைசி நாளைத்தான். எந்தப் பெட்டி முதலில் வெளியே வரும், அப்போது கிரேன் எங்கே நிற்கும், லாரி எப்படித் திரும்பும் என்று பின்னாலிருந்து முன்னால் வருவாள். சாப்பாட்டு மேஜையில்தான் இதெல்லாம் நடக்கும். நான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவேன்.

மேஸ்திரி அறிமுகமானது கலங்கரை விளக்கத்து வேலையில். பெட்டிகளைத் தூக்கி வைத்துப் பூட்டுகிற குழுவுக்கு அவர் தலைவர். போல்ட்டுகள் சுவருக்குள் மறைந்திருக்கும். அவற்றை எட்டுவதற்குச் சுவரில் சின்னச் சின்ன மூடிகள் உண்டு. மூடியைத் திறந்து, கையை உள்ளே விட்டு, ஸ்பேனரைத் திருப்ப வேண்டும். அந்தத் துளை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை அக்கா தன் கையை விட்டுப் பார்த்து முடிவு செய்திருந்தாள். அவள் கையோ பத்து வயசுப் பிள்ளையின் கை மாதிரி இருக்கும்.

"மேடம், இதுக்குள்ள யாரு கை போகும்?" என்று அவர் கேட்டாராம்.

"ஏன், என் கை போச்சே."

"அப்போ நீங்களே வந்து முடுக்குங்க."

வேறு யாராக இருந்தாலும் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள், இல்லை என்றால் முதலாளியைக் கூப்பிட்டிருப்பார்கள். இவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, ஒவ்வொரு போல்ட்டாகத் தானே முடுக்க ஆரம்பித்தாள். அவரும் விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து விளக்கைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கால் சுத்து... போதும், அடுத்தது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்தக் கட்டடத்தின் அத்தனை போல்ட்டும் அவள் கையால் முடுக்கியவை. உள்ளங்கை எல்லாம் கொப்புளத்தோடு வீட்டுக்கு வந்தாள். மருந்து போட்டுவிடும்போது கத்துவாள் என்று பார்த்தேன். சிரித்தாள். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

அடுத்த கட்டடம் வரையும்போது அவரை அலுவலகத்துக்கு வரச்சொன்னாள். மேஜையில் ஒரு பெரிய காகிதத்தை விரித்து, ஸ்பேனரைப் பிடித்தபடி கையை அதன் மேல் வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி வரைந்தாள். மற்றவர்களுக்கு அது அளவெடுப்பு. என்னிடம் மட்டும், "பென்சில் கட்டை விரலைச் சுத்தி வரும்போது அவர் மூச்சே விடலடி" என்றாள்.

"நீ விட்டியா?"

"போடி."

அன்றிலிருந்து அவள் வரைந்த கட்டடங்களில் எல்லாம் போல்ட்டுக்குப் போகிற வழி அவர் கை அளவுதான்.

அவர்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பூட்டியவரே வந்து கழற்ற வேண்டும். வரைபடத்தில் எல்லாம் நேராக இருக்கும். தரை அப்படி இருக்காது. ஒரு மூலையில் மெல்லிய தகடு சொருகியிருப்பார்கள், ஒரு பெட்டி அடம்பிடித்து இழுத்துப் பூட்டப்பட்டிருக்கும். எந்தப் பெட்டியை முதலில் தொட்டால் பக்கத்துப் பெட்டி பிதுங்கும் என்பது பூட்டிய ஆளுக்குத்தான் தெரியும். அதனால் மேஸ்திரி எந்தத் தேசத்தில் எந்த வேலையில் இருந்தாலும், அவர் பூட்டிய கட்டடத்தின் காலம் முடியும்போது வந்தாக வேண்டும். அக்காவைப் பொறுத்தவரை ஒவ்வொரு கட்டடமும் இரண்டு சந்திப்பு. ஒன்று பூட்டும்போது. இன்னொன்று, இரண்டோ மூன்றோ வருஷம் கழித்து, கழற்றும்போது.

நடுவில் பேச்சே கிடையாது. போன் என்று ஒன்று இருப்பதே இரண்டு பேருக்கும் தெரியாததுபோல் இருப்பார்கள்.

"கூப்பிட்டுப் பேசினா குறைஞ்சா போயிடுவே?" என்பேன்.

"என்னன்னு கூப்பிடறது? வேலை ஒண்ணும் இல்லையே."

"நல்லாருக்கீங்களான்னு கேக்கறது."

"அதை ஒரு காரணம்னு சொல்லி எப்படிடி கூப்பிடறது?"

இவளோடு மல்லுக்கட்டி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். அவருடைய மனைவி பல வருஷத்துக்கு முன்பே இறந்துவிட்டார். மகள் கல்யாணமாகித் தன் குடும்பத்தோடு இருக்கிறாள். எந்த ஊருக்கு வேலைக்குப் போகிறாரோ அந்த ஊரில் ஒரு காலிப் பெட்டியில் தங்கிக்கொள்வார். இவ்வளவும் அக்கா மெல்ல மெல்லச் சேகரித்தது. அவர் பேசியதில் அவள் என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றே ஒன்று: "மேடம், சாப்பிட்டீங்களா?"

"அதை அவர் எல்லார்கிட்டயும்தான் கேப்பார்," என்றேன்.

"எல்லார்கிட்டயும்தான் கேக்கறார். என்கிட்ட மட்டும் பதிலைக் கேட்டுட்டு நகர்றார்."

கழற்றுகிற மாசம் நெருங்கினால் வீட்டில் அவள் நடையே மாறிவிடும். குளியலறையில் ஏதாவது முணுமுணுப்பாள். புதுச் செருப்பு வாங்குவாள். சேற்றில் நிற்கப் போகிறவளுக்குப் புதுச் செருப்பு எதற்கு என்று கேட்டால், பழசு வழுக்குகிறது என்பாள். எல்லாரும் கட்டியது நிற்க வேண்டும் என்பார்கள், நீ போக வேண்டும் என்கிறாய் என்று கிண்டல் செய்வேன். அவளுக்குக் கோபம் வராது. அந்த மாசத்தில் மட்டும் அவளை என்ன சொன்னாலும் கோபம் வராது.

இப்படியே இரண்டு பேருக்கும் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் குகை வந்தது.

சுண்ணாம்புக் குகை. உள்ளே ஒரு ஏரி இருக்கிறதாம். பார்க்க வருகிறவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே விடுவார்கள், அதனால் வெளியே மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பழைய கட்டடம் விரிசல் விட்டிருந்தது. கீழே தரை பொந்து பொந்தாக இருந்தால் வேறு என்ன ஆகும்? புதிதாக அஸ்திவாரம் தோண்டலாமா கூடாதா என்று ஆராய மூன்று வருஷம் கேட்டிருந்தார்கள். அந்த மூன்று வருஷத்துக்கு அக்காவின் பெட்டிகள். மண்ணில் ஒரு மண்வெட்டி படாமல், தரைக்கு மேல் இரும்பு ஜாக்கிகளில் நிற்கிற மாதிரி.

அதை அவள் கண்ணும் கருத்துமாகச் செய்தாள். போய் அந்த வரிசையில் தானும் நின்று பார்த்துவிட்டு வந்தாள். குழந்தைகள் அழுவதையும், வயசானவர்கள் உட்கார இடமில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும், தலைக்கவசம் வாங்குகிற இடத்தில் தள்ளுமுள்ளு நடப்பதையும் பார்த்தாள். காத்திருப்பு அறையை நீளமாக வரைந்தாள். மலைச்சரிவைப் பார்த்தபடி ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதையொட்டி அறையின் நீளத்துக்கும் ஒரே பெஞ்ச். குழந்தை நின்றால் கண்ணாடிக்கு மூக்கு எட்டும், பெரியவர் உட்கார்ந்தால் கண் எட்டும். வரிசையில் நிற்க வேண்டாம், உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து போனால் குகை வாசல் வந்துவிடும். காத்திருப்பதைப் பற்றி அவளுக்குத் தெரியாததா?

பூட்டுகிற வாரத்தில் அவள் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனாள். நான் எடுத்துக்கொண்டு போனேன். அப்போதுதான் அந்த முதுகைப் பார்த்தேன். நல்ல அகலம், கழுத்தில் ஒரு துண்டு. கிரேனைப் பார்த்து நின்றிருந்தார். கையைக்கூட ஆட்டவில்லை. ஒரு விரலை மட்டும் மெதுவாகக் கீழே காட்டிக்கொண்டிருந்தார். ஒரு வீட்டறை அளவுப் பெட்டி அந்த விரலுக்குக் கட்டுப்பட்டுச் சத்தமில்லாமல் இறங்கியது. அக்கா கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததே அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடி இல்லாமல் அவளுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். தெரிய வேண்டியது தெரிந்திருக்கும்போல.

வேலை முடிந்து கிளம்பும்போது அவர் அவளிடம் வந்து நின்றாராம். துண்டை எடுத்து மடித்தார். பிரித்தார். மறுபடியும் மடித்தார்.

"மேடம், இதைக் கழட்ட வரும்போது உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"இப்பவே கேளுங்களேன்."

"இப்போ வேண்டாம். கேட்டுட்டு நான் பாட்டுக்கு வேற ஊருக்குப் போயிடுவேன், அது சரியில்ல. இதைக் கழட்டினதும் ஊர் ஊராச் சுத்தறதை விட்டுடலாம்னு இருக்கேன். அப்போ கேக்கறேன்."

இதை என்னிடம் சொல்லும்போது அக்காவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. டம்ளரை இரண்டு தடவை கழுவினாள்.

"என்னடி கேப்பார்?"

"உன் ஸ்பேனரை வச்சுக்கலாமான்னு கேப்பார்," என்றேன். "அட மண்ணாந்தை, வேற என்ன கேப்பார்?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அந்த மூன்று வருஷமும் அவள் வாழ்ந்தது அந்தக் கேள்விக்காகத்தான். வேறு குழுக்களோடு வேறு வேலைகள் வந்தன, வரைந்தாள், போனாள், வந்தாள். எல்லாவற்றுக்கும் அடியில் அது ஓடிக்கொண்டே இருந்தது. சில சாயங்காலங்களில் பால்கனியில் காய்ந்த துணியை எடுக்கப் போவாள். எடுக்காமல் கொடிக்கு நடுவிலேயே நின்றுகொண்டிருப்பாள். நான் கூப்பிட மாட்டேன்.

அங்கே குகையில் அவளுக்குத் தெரியாமல் ஒரு வினை நடந்துகொண்டிருந்தது. ஜனங்களுக்கு அந்தக் காத்திருப்பு அறை பிடித்துப்போய்விட்டது. குகையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் திரும்பவும் அந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் குகைக்குள் போகாமல் டீ குடித்துவிட்டுக் கண்ணாடி வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருக்கவே வந்தார்கள். ஆராய்ச்சி செய்தவர்களும் அஸ்திவாரம் தோண்டவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். புதுக்கட்டடத் திட்டம் கைவிடப்பட்டது. குகையின் நிர்வாகி ஒரு பெண்மணி. அவர் அக்காவின் முதலாளிக்கு எழுதினார்: இருப்பதே நன்றாக இருக்கிறது, இதையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாமா?

முதலாளி தலைகால் புரியாமல் குதித்தார். அவர் செய்த எதையும் யாரும் வைத்துக்கொள்கிறேன் என்று இதுவரை கேட்டதில்லை. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். அக்கா தன் பங்குக் கேக்கை ஒரு காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

வைத்துக்கொள்ளலாமா என்று முடிவு சொல்ல வேண்டியது அவள்தான். வரைந்தவள் போய் ஒவ்வோர் இடமாகப் பார்த்து, நிற்கும் என்று கையெழுத்துப் போட வேண்டும். நானும் கடையில் லீவு சொல்லிவிட்டுக் கூடப் போனேன். அங்கே போனதும் முழங்கால் போட்டு ஒவ்வொரு ஜாக்கியாகப் பார்த்தாள். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் உள்ள ரப்பர் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தாள். ஒவ்வொரு மூடியாகத் திறந்து விளக்கு அடித்தாள். நான் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"துரு இருக்கா?" என்றேன்.

"இல்ல."

"எங்கயாவது லேசா?"

"ஒரு பொட்டுகூட இல்லடி."

அதை அவள் சொன்ன தொனியில் யாராவது கேட்டிருந்தால் ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்திருப்பார்கள்.

"இல்லன்னா என்ன? ஒரு வரி எழுதேன். கழட்டி ஒரு தடவை பாத்துட்டு மறுபடி பூட்டினா நல்லதுன்னு. அவர் வரட்டும். உன் கையெழுத்துதானே? யாரு வந்து கேக்கப் போறா?"

அவள் மூடியை மெதுவாகச் சாத்திவிட்டு எழுந்தாள். பெஞ்சில் ஒரு தாத்தா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு குழந்தைகள் கண்ணாடியில் ஊதி, படிந்த ஆவியில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தன.

"கழட்டிப் பூட்டற வரைக்கும் இவங்களை எல்லாம் வெயில்ல நிக்க வச்சுட்டு அவரைப் பாக்கணுமா?" என்றாள். "எனக்கு ஆசை இல்லன்னு நெனக்கிறியா? உன்னைவிட நூறு மடங்கு இருக்கு. ஆனா அவர் பூட்டினதுல கோளாறுன்னு நான் எழுத மாட்டேன். அது இல்லாத கோளாறு."

கையெழுத்துப் போட்டாள். நிர்வாகி அம்மா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்க வாழ்க்கையிலயே சந்தோஷமான நாள் இதுதான் இல்ல, மேடம்?" என்றார்.

"ஆமாம்," என்றாள் அக்கா.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கே இருந்த தலைக்கவசம் ஒன்றை எடுத்து யார் மேலாவது எறிந்திருப்பேன்.

நிரந்தரம் என்றால் இன்னொரு வேலையும் இருக்கிறது. இனிமேல் கழற்றப் போவதில்லை என்பதால் அந்த மூடிகளை எல்லாம் எடுத்துவிட்டு, தண்ணீர் புகாமல் துளைகளை அடைக்க வேண்டும். அதற்கும் அவள்தான் வரைய வேண்டும். அரைநாள் வேலை. சாப்பாட்டு மேஜையில் நாலு நாள் கிடந்தது. கடைசியில் ஒரு மத்தியானம், பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "அவர் கை போற வழியை அடைக்கறேன்டி" என்றாள். அப்புறம் வாய்விட்டு அழுதாள். எங்கள் அம்மா போனபோதுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். அன்று எனக்குக் கிண்டல் எதுவும் வரவில்லை.

கம்பெனி மேஸ்திரிக்குச் சொல்லியிருக்கும். கழற்ற வர வேண்டாம் என்று. அவர் கூப்பிடுவார் என்று அக்கா காத்திருந்தாள். குளிக்கப் போனால் போனைக் குளியலறை ஜன்னலில் வைத்துவிட்டுக் குளித்தாள். என் கடையிலிருந்து நான் ஏதாவது கேட்கக் கூப்பிட்டால், முதல் மணியிலேயே எடுத்து, என் குரலைக் கேட்டதும் "ஓ, நீயா" என்பாள். அந்த 'நீயா'வைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கூப்பிடவே பிடிக்கவில்லை. வாரங்கள் போயின. அவர் கூப்பிடவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், அவள் சோற்றைப் பிசைந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு மூக்கு மேல் கோபம் வந்துவிட்டது. போனை எடுத்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் டங்கென்று வைத்தேன்.

"நீ கூப்பிடறியா, இல்ல நான் கூப்பிடட்டுமா? நான் கூப்பிட்டா என்ன பேசுவேன்னு உனக்குத் தெரியும்."

தெரியும் என்பதால் பயந்துபோய் எடுத்தாள். இடது கையால் எண்களைத் தடவித் தடவி அமுக்கினாள். அந்தத் தடவலில் ஸ்பீக்கரும் சேர்ந்து அமுங்கிவிட்டது. நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை.

"ஹலோ." பின்னால் பலமான காற்று.

"நான்தான்," என்றாள் அக்கா.

"மேடம்... சாப்பிட்டீங்களா?"

"உக்காந்திருக்கேன். குகைக் கட்டடத்தைக் கழட்டலையாம். சொன்னாங்களா?"

"சொன்னாங்க. நீங்களே நேர்ல பாத்து எழுதிக் கொடுத்தீங்கன்னும் சொன்னாங்க."

"ஆமா. எல்லாம் நல்லா இருந்துச்சு."

"இருக்கும். நாம பண்ணதாச்சே." அவர் தொண்டையைச் செருமினார். "மேடம், கழட்டும்போது ஒண்ணு கேக்கறேன்னு சொல்லியிருந்தேன். நீங்க கழட்ட வேண்டாம்னு எழுதிட்டீங்க. சரி, கேக்க வேண்டாம்னு சொல்றாங்கன்னு எடுத்துக்கிட்டேன். வருத்தமெல்லாம் ஒண்ணுமில்ல. வேற ஒரு கம்பெனியில தீவு வேலை ஒண்ணு வந்துச்சு. ஒத்துக்கிட்டு வந்துட்டேன்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. போல்ட் நன்றாக இருக்கிறது என்று ஒருத்தி எழுதினால், அதை உன்னைப் பிடிக்கவில்லை என்று படிக்கிற ஆள் உலகத்திலேயே இவர் ஒருவர்தான் இருப்பார். ஆனால் வேறு எப்படிப் படிப்பார்? இத்தனை வருஷமும் இரண்டு பேரும் கட்டடத்தை வைத்துத்தானே பேசிக்கொண்டார்கள்.

அக்கா பிசைந்த கையை அப்படியே தட்டில் ஊன்றிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"அது கட்டடத்துக்கு எழுதினது," என்றாள். "உங்களுக்கு எழுதினதில்ல. ஒவ்வொரு போல்ட்டா துரு பிடிச்சிருக்கக் கூடாதா, பிடிச்சிருக்கக் கூடாதான்னு பாத்துப் பாத்து, பிடிக்கலையேன்னுதான் எழுதினேன். கேளுங்க. என்ன கேக்கணும்னு இருந்தீங்களோ இப்போ கேளுங்க."

அந்தப் பக்கம் யாரோ கத்திக் கூப்பிடுவது கேட்டது.

"மேடம், ஒரு பெட்டி தொங்கிட்டிருக்கு. காத்து திரும்பறதுக்குள்ள இறக்கணும். வச்சுடாதீங்க. தயவுசெய்து வச்சுடாதீங்க."

வைக்கவில்லை. நானும் அவளும் மேஜைக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு அந்தக் காற்றைக் கேட்டோம். எங்கோ தூரத்தில் கிரேன் முனகியது. ஒரு கம்பி விறைத்துக்கொண்டு ஏதோ உரசியது. அவருடைய குரல் மட்டும் கேட்கவில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். சோறு அவள் விரல்களில் காய்ந்துகொண்டிருந்தது. அப்புறம் மூச்சு வாங்குகிற சத்தம் போனுக்குப் பக்கத்தில் வந்தது.

"மேடம், இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"என்கூட வந்துடறீங்களான்னு கேக்கணும்னு இருந்தேன். ஒரு ஊரைப் பாத்து, வீட்டைப் பாத்து உக்காந்துட்டு, முறையாக் கேக்கணும்னு இருந்தேன். இப்போ எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்கறது? ஒத்துக்கிட்ட வேலை, ரெண்டு வருஷம் ஆகும். இங்க வீடுன்னு ஒண்ணும் கிடையாது மேடம். பெட்டிலதான் இருக்கேன். கட்டிலைப் போட்டா கதவு பாதிதான் திறக்குது."

அக்கா கண்ணைத் திறந்தாள்.

"கட்டிலை எந்தப் பக்கம் போட்டிருக்கீங்க?"

"கதவை ஒட்டி."

"ஜன்னலுக்குக் கீழ குறுக்கே போடுங்க. கதவு முழுசாத் திறக்கும். இன்னொரு கட்டிலுக்கும் இடம் வரும்."

"ஜன்னலுக்குக் கீழ, குறுக்கே," என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்புறம், "சரி, மேடம்" என்றார்.

"மேடம் வேண்டாம்," என்றாள் அக்கா. பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னாள். அவர் முயன்று பார்த்தார். முதல் தடவை பாதியிலேயே நின்றுவிட்டது.

போனை வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். அழுதிருந்தாள், அது அவளுக்கே தெரியவில்லை. "தீவுக்குப் படகு எங்கேருந்துடி போகுது?" என்றாள், ஏதோ நான்தான் அந்தப் படகை ஓட்டுகிற மாதிரி. விசாரிக்கலாம், முதலில் சாப்பிட்டு முடி என்றேன். உட்கார்ந்து ஆறிப்போன சோற்றை வழித்து வழித்துச் சாப்பிட்டாள். அவள் அவ்வளவு சாப்பிட்டு நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

நான் உள்ளே போய்ப் பரணைப் பார்த்தேன். பெரிய சூட்கேஸ் மேலே இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது கொண்டுவந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். ஏறியவள் அப்படியே நின்றுவிட்டேன். கூப்பிடு கூப்பிடு என்று இத்தனை வருஷம் அவளைப் பிடித்துத் தள்ளியது நான்தான். தள்ளினால் ஒருநாள் போய்விடுவாள் என்பது மட்டும் ஏனோ எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பக்கம் அவள் தட்டைக் கழுவுகிற சத்தம் கேட்டது. இன்னும் வாசலைக்கூடத் தாண்டவில்லை, எனக்கு அதற்குள் அவளைத் தேட ஆரம்பித்துவிட்டது.